துளை பொருந்தும், கார் பொருந்துமா? பழைய காரில் புதிய மாடலின் சஸ்பென்ஷன்

பழைய மாடல் காரின் லோயர் ஆர்மையும் (சக்கரத்தைப் பாடியோடு சேர்க்கும் கீழ்ச்சட்டம்) அதே காரின் அடுத்த தலைமுறை லோயர் ஆர்மையும் தரையில் அருகருகே போட்டுப் பாருங்கள். அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்பக்கம் இரண்டு புஷ் (ரப்பர் பொதிந்த மூட்டு), வெளிப்பக்கம் ஒரு பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு). போல்ட் அளவும் ஒன்றே. டேப்பை எடுத்து அளந்தால் புதியது 10 மி.மீ. நீளம். "பத்து மில்லிதானே, போகட்டும்" என்று தோன்றும். அந்தப் பத்து மில்லி காருக்குள் போய் என்னென்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால், இந்த விஷயத்தில் பாதி புரிந்த மாதிரி.

புதிய மாடலின் பாகத்தைப் பழைய காரில் மாட்டுவது எதற்காக? பெரும்பாலும் மூன்று காரணம். பழைய காருக்கு பாகம் கிடைப்பதில்லை, ஆனால் அதற்கு அடுத்த மாடலின் பாகம் எளிதில் கிடைக்கிறது. அல்லது, அடுத்த மாடலில் பெரிய டிஸ்க் பிரேக், வலுவான பேரிங், எடை குறைந்த அலுமினிய ஆர்ம் வந்திருக்கிறது. அது நமக்கும் வேண்டும் என்ற ஆசை. மூன்றாவது, தயாரிப்பாளரே முதல் மாடலில் செய்த ஒரு தவறை இரண்டாவது மாடலில் திருத்தியிருப்பார். அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்ற யோசனை. என்னைக் கேட்டால் இந்த மூன்றாவதுதான் செய்யத் தகுந்த காரணம். ஆசைக்காகச் செய்பவர்களே அதிகம், அதையும் குறை சொல்ல முடியாது.

ஒரே குடும்பத்து மாடல்களுக்கிடையே இது நடப்பதற்குக் காரணம் எளிது. அடுத்த தலைமுறையை உருவாக்கும்போது எல்லாவற்றையும் புதிதாக வரைய மாட்டார்கள். பழைய சப்ஃபிரேம் (ஆர்ம்கள் சேரும் அடிச்சட்டம்), பழைய போல்ட் இடைவெளி, பழைய பேரிங் அளவு என்று பல விஷயம் அப்படியே தொடரும். அதனால்தான் துளை பொருந்துகிறது. அதே காரணத்தால்தான் நாம் ஏமாறவும் செய்கிறோம்.

புள்ளிகளாகப் பாருங்கள்

சஸ்பென்ஷனை இரும்புத் துண்டுகளாகப் பார்க்காதீர்கள். வெற்றிடத்தில் மிதக்கும் சில புள்ளிகளாகப் பாருங்கள். லோயர் ஆர்ம் பாடியில் சேரும் இடம் ஒரு புள்ளி. பால் ஜாயின்டின் மையம் ஒரு புள்ளி. ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடின் உள்முனை, வெளிமுனை என இரண்டு. ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேலே பாடியைத் தொடும் இடம் இன்னொன்று. சக்கரம் மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் எந்தப் பாதையில் போகும், எந்தப் பக்கம் சாயும், எந்தப் பக்கம் திரும்பும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது இந்தப் புள்ளிகள் இருக்கும் இடம். ஆர்ம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம், அவ்வளவுதான். அது தகடா, வார்ப்பா, அலுமினியமா என்பது பலத்துக்கும் எடைக்கும் உள்ள கேள்வி.

இப்போது வேறொரு காரின் ஆர்மை மாட்டுகிறோம் என்றால், அந்தக் காரின் புள்ளிகளில் சிலவற்றைத் தூக்கி வந்து நம் காரின் மற்ற புள்ளிகளோடு கலக்கிறோம். அந்தக் காரில் ஐந்தும் ஒன்றுக்கொன்று பேசி வைத்துக்கொண்டு நின்றவை. இங்கே இரண்டு புதியது, மூன்று பழையது.

மெக்பர்சன் ஸ்ட்ரட் வகையை எடுத்துக்கொள்வோம், இன்று பெரும்பாலான கார்களின் முன்பக்கம் இதுதான். ஏர்ல் மெக்பர்சன் வடிவமைத்த இந்த அமைப்பு 1950இல் ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் வந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. கீழே ஒரு ஆர்ம், மேலே ஷாக் அப்சார்பரே இன்னொரு ஆர்ம் வேலையையும் செய்துவிடும். பாகம் குறைவு, செலவு குறைவு. இதில் லோயர் ஆர்மை 10 மி.மீ. நீட்டினால்:

இரண்டு பக்கமும் சேர்த்து டிராக் அகலம் (இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 20 மி.மீ. கூடும். டயர் ஃபெண்டரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டிவரும்.

பால் ஜாயின்ட் வெளியே போகிறது, ஸ்ட்ரட்டின் மேல்முனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் 600 மி.மீ. உயரம் என்று வைத்தால், சக்கரத்தின் மேல்பகுதி ஏறத்தாழ 1 டிகிரி உள்ளே சாயும். அதாவது நெகட்டிவ் கேம்பர் 1 டிகிரி கூடுகிறது. வேகமாக வளைவில் திரும்புபவருக்கு இது நல்லது; நேர்ச்சாலையிலேயே ஓடும் காருக்கு டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும்.

டை ராடை நீட்டாமல் விட்டால்தான் உண்மையான வேடிக்கை. பால் ஜாயின்ட் 10 மி.மீ. வெளியே போய்விட்டது, டை ராடு தன் முனையைப் பழைய இடத்திலேயே பிடித்து வைத்திருக்கிறது. ஸ்டியரிங் ஆர்ம் (டை ராடு பிடித்துச் சக்கரத்தைத் திருப்பும் கை) 130 மி.மீ. நீளம் என்றால் சக்கரம் 4 டிகிரிக்கு மேல் திரும்பி நிற்கும். ஸ்டியரிங் ரேக் (டை ராடுகளைத் தள்ளும் பல்சட்டம்) ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தால் இரண்டு சக்கரமும் வெளியே பார்க்கும்; முன்னால் இருந்தால் உள்ளே பார்க்கும். இதை யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள், கண்ணுக்கே தெரியும். டை ராடு எண்டைச் சுற்றி வெளியே எடுத்துச் சரிசெய்துவிடுவார்கள். ஆனால் அப்படி எடுக்கும்போது உள்ளே எவ்வளவு மரை பிடித்திருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமாவது மரை உள்ளே இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. அதற்குக் கீழே போனால் நீளமான டை ராடு தேட வேண்டும். "கொஞ்சம்தானே குறைகிறது" என்று விடக்கூடாத இடம் இது.

பம்ப் ஸ்டியர்: அலைன்மென்ட் மெஷின் காட்டாத குறை

கேம்பரும் டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) கார் நிற்கும்போது அளப்பவை. கார் ஓடும்போது சக்கரம் மேலும் கீழும் போகிறதே, அப்போது என்ன ஆகிறது? அலைன்மென்ட் ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சையாக இருந்தும் கார் ஓட்டத் தகாததாக இருக்க முடியும் என்பதை நான் சொந்த அனுபவத்தில்தான் கற்றேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய காரில் அடுத்த மாடலின் நக்கிளை (ஹப்பைத் தாங்கி, ஸ்டியரிங்கோடு திரும்பும் பாகம்) மாட்டினேன். பெரிய பிரேக் வேண்டும் என்ற ஆசை. எல்லாத் துளையும் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு மாலையில் வேலை முடிந்தது. அலைன்மென்டும் பார்த்தாயிற்று. மறுநாள் சாலையில் ஒரு சிறிய மேட்டில் ஏறியதும் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே கார் அரை அடி விலகியது. இறங்கியதும் மறுபக்கம் விலகியது. டயர் காற்று, பேரிங், ஸ்டியரிங் ரேக் என்று இரண்டு வாரம் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். குற்றவாளி நக்கிளில் டை ராடு எண்ட் உட்காரும் துளை. பழையதை விட 15 மி.மீ. உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். லோயர் ஆர்மும் டை ராடும் ஆளுக்கொரு வட்டத்தில் சுற்றும் இரண்டு காம்பஸ்கள். ஆர்ம் 350 மி.மீ. நீளம், கார் நிற்கும் நிலையில் படுக்கையாக இருக்கிறது என்று வைப்போம். சக்கரம் 50 மி.மீ. மேலே ஏறினால், வட்டத்தில் போவதால் ஆர்மின் வெளிமுனை 3.6 மி.மீ. உள்ளே வரும். டை ராடு 300 மி.மீ., அதுவும் படுக்கை என்றால் அதன் வெளிமுனை 4.2 மி.மீ. உள்ளே வரும். வித்தியாசம் அரை மில்லியும் சொச்சமும். சக்கரம் கால் டிகிரி திரும்பும். பொறுத்துக்கொள்ளலாம்.

இப்போது டை ராடின் வெளிமுனையை மட்டும் 15 மி.மீ. உயர்த்துங்கள். டை ராடு ஆரம்பத்திலேயே சாய்ந்து நிற்கிறது. அதே 50 மி.மீ. ஏற்றத்தில் அதன் முனை 6.7 மி.மீ. உள்ளே வரும். ஆர்ம் வந்ததோ 3.6 தான். மூன்று மில்லி வித்தியாசம், 130 மி.மீ. ஸ்டியரிங் ஆர்மில் அது 1.4 டிகிரி. ரேக் பின்னால் இருந்தால் மேட்டில் ஏறும் சக்கரம் அத்தனை டிகிரி வெளியே திரும்பும். ஸ்ட்ரட்டின் சாய்வை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது, ஆனாலும் விஷயம் தெளிவு: நீளத்தில் வரும் வித்தியாசத்தை விட உயரத்தில் வரும் வித்தியாசம் பல மடங்கு ஆபத்து. இதற்குத்தான் பம்ப் ஸ்டியர் என்று பெயர்.

இது என் ஒருவன் கதை இல்லை. 1960களின் நடுப்பகுதி ஃபோர்டு மஸ்டாங் கார்களுக்கு டிஸ்க் பிரேக் வேண்டும் என்பவர்கள், 1975 மாடலிலிருந்து வந்த அமெரிக்க ஃபோர்டு கிரனடாவின் ஸ்பிண்டிலை (நக்கிளின் வேலையைச் செய்யும் பாகம்) எடுத்து மாட்டுவது நெடுநாள் வழக்கம். மலிவான வழி, நல்ல பிரேக். ஆனால் ஸ்டியரிங் ஆர்மின் துளை இருக்கும் இடம் வேறு என்பதால் பம்ப் ஸ்டியர் கூடவே வந்து சேரும். அதைச் சரிசெய்யவே தனி டை ராடு எண்ட் கிட்கள் உண்டு.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காரை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்துங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக் அப்சார்பரை மட்டும் மாட்டுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து அசையாமல் கட்டுங்கள். சக்கரத்துக்குப் பதில் ஹப்பில் (சக்கரம் போல்ட்டால் சேரும் நடுப்பாகம்) ஒரு தட்டையான பலகையைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். பலகையின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் எதிரே தரையில் நிலையாக ஒரு சட்டம். கார் தரையில் நிற்கும்போது ஹப் எந்த உயரத்தில் இருந்ததோ அதை முதலில் குறித்து வைத்திருக்க வேண்டும், அதுதான் பூஜ்யம். ஜாக்கால் அங்கிருந்து 10 மி.மீ., 10 மி.மீ. ஆக மேலே ஏற்றி, பிறகு கீழே இறக்கி, ஒவ்வொரு படியிலும் சட்டத்திலிருந்து பலகையின் இரு விளிம்புக்கும் உள்ள தூரத்தை எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாறாமல் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஒரே திசையில் சீராகக் கூடிக்கொண்டே போனால் டை ராடின் உயரம் தப்பு. ஏறினாலும் இறங்கினாலும் ஒரே பக்கம் வளைந்தால் டை ராடின் நீளம் தப்பு. உயரத்தை முன்னே சொன்ன டை ராடு எண்ட் கிட் போட்டோ, ஸ்டியரிங் ரேக்கை உயர்த்தியோ இறக்கியோ சரிசெய்யலாம். நீளத்தைச் சரிசெய்வது கஷ்டம். ரேக்கையே மாற்ற வேண்டிவரும்.

இந்த அளவைப் பழைய பாகம் காரில் இருக்கும்போதே ஒருமுறை எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். ஒப்பிட ஒன்று இருக்கும். நான் எடுக்கவில்லை. அதனால்தான் இரண்டு வாரம் போயிற்று.

ஸ்பிரிங்கும் ஷாக்கும்

புதிய மாடல் பெரும்பாலும் எடை கூடியது. பாதுகாப்புச் சட்டங்கள், ஏர்பேக், பெரிய எஞ்சின் என்று ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொழுத்துக்கொண்டே வரும். அதன் ஸ்பிரிங் அந்த எடைக்காகச் செய்தது. சக்கரத்தில் அளந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் பலம் உள்ள ஸ்பிரிங், ஒரு மூலையில் 300 கிலோ சுமக்கும் காரில் சுமார் 118 மி.மீ. அமுங்கி நிற்கும். அதே ஸ்பிரிங்கை 250 கிலோ மூலையில் போட்டால் 98 மி.மீ. தான் அமுங்கும். கார் 20 மி.மீ. உயர்ந்து நிற்கும், குதியலும் மாறும். விநாடிக்கு 1.45 முறை என்றிருந்த இயல்பான அசைவு 1.6 முறையாகும். எண் சிறியது, இருக்கையில் உட்கார்ந்தால் தெரியும்.

இதில் இன்னொரு பொறி. மெக்பர்சன் அல்லாத பல அமைப்புகளில் ஸ்பிரிங் நேராகச் சக்கரத்தின் மேல் உட்காருவதில்லை, ஆர்மின் நடுவே எங்கோ உட்காருகிறது. சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டும் அமுங்கலாம். அந்த விகிதம் 0.7. சக்கரத்தில் உணரும் பலம் அந்த விகிதத்தின் வர்க்கத்தால் குறையும்: 60 நியூட்டன் ஸ்பிரிங் சக்கரத்தில் 29.4 ஆகத்தான் தெரியும். புதிய ஆர்மில் ஸ்பிரிங் உட்காரும் இடம் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்து விகிதம் 0.6 ஆனால், அதே ஸ்பிரிங் 21.6 தான். கால்வாசிக்கு மேல் போய்விட்டது. "அதே ஸ்பிரிங்தான் போட்டேன், ஏன் கார் தொளதொளவென்று இருக்கிறது" என்று கேட்பவர்களுக்குப் பல நேரம் இதுதான் பதில்.

ஷாக் அப்சார்பரில் பார்க்க வேண்டியது மூன்று நீளம்: முழுக்க நீட்டினால் எவ்வளவு, முழுக்க அமுக்கினால் எவ்வளவு, கார் நிற்கும்போது எவ்வளவு. முழுக்க அமுங்கும் நீளம் உங்கள் காரில் இருக்கும் இடத்தை விட அதிகம் என்றால், பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடுவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டும். ஒருநாள் ஒரு பள்ளத்தில் அதன் வால்வு உடையும், அல்லது அது சேரும் இடத்தின் தகடு கிழியும்.

ஹப் மாறினால் கூடவே மாறுவது

ஆர்மோடு நின்றால் ஜியோமெட்ரி மட்டும்தான் கவலை. ஹப், நக்கிள், பிரேக் எல்லாம் சேர்த்து மாற்றினால் பட்டியல் நீளும். சக்கரத்தின் போல்ட் இடைவெளி, நடுத்துளை, ஆஃப்செட் (ஹப்பில் சேரும் முகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகும் தூரம்) மூன்றும் மாறலாம். டிரைவ் ஷாஃப்டின் பல் எண்ணிக்கையும் நீளமும் மாறலாம். இவை மாட்டும்போதே தெரிந்துவிடும் தொல்லைகள், அதனால் பெரிய ஆபத்து இல்லை. மாட்டிய பிறகும் தெரியாதவை இரண்டு.

ஒன்று, ஏபிஎஸ் ரிங்கின் (சக்கரத்தின் வேகத்தை அளக்க உதவும் பல்வளையம்) பல் எண்ணிக்கை. பழையதில் 48 பல், புதியதில் 44 என்று வையுங்கள். முன்னால் மட்டும் ஹப் மாற்றினால், முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விட 8 சதவீதம் மெதுவாகச் சுற்றுவதாகக் கம்ப்யூட்டர் நினைக்கும். விளக்கு எரியலாம், எரியாமலேயே தேவையில்லாத நேரத்தில் ஏபிஎஸ் தலையிடவும் செய்யலாம். இரண்டாவதுதான் மோசம்.

இன்னொன்று, பிரேக்கின் முன்பின் சமநிலை. பின் கேலிப்பரின் (டிஸ்க்கில் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பிஸ்டன் விட்டம் 34 மி.மீ. இலிருந்து 38 ஆனால், பரப்பு 25 சதவீதம் கூடும். அதே மிதிக்குப் பின்சக்கரம் அவ்வளவு அதிகமாகப் பிடிக்கும். மழையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுற்றும். பின்பிரேக்கை மட்டும் பெரிதாக்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். முன்பக்கத்தைப் பெரிதாக்கினாலும் மிதியின் பயணம் கூடும், அப்போது மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும்.

மூன்று கார்கள், மூன்று அளவு கஷ்டம்

எளிதான பக்கம் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் வந்த முதல் தலைமுறையை ஆர்வலர்கள் என்ஏ என்பார்கள், 1998இல் வந்த இரண்டாவதை என்பி என்பார்கள். என்ஏ காரின் ஷாக் மேலே சேரும் மவுண்ட், ஷாக் மேலேறும் தூரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். காரின் உயரத்தைக் குறைத்தவர்களுக்கு ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் முட்டும். என்பி மவுண்டில் மாஸ்டா இதைத் திருத்தியது. அதிகப் பயணம் கிடைக்கும். அதே ஸ்டட் இடைவெளி என்பதால் என்ஏ காரிலும் உட்காரும். ஆர்மின் புள்ளிகள் எதுவும் நகரவில்லை, டை ராடு நகரவில்லை. தயாரிப்பாளர் செய்த திருத்தத்தை மட்டும் பின்னோக்கி எடுத்துக்கொள்வது என்று முன்னே சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நடுவில் பிஎம்டபிள்யூ இ30. 1982இல் வந்த இந்தத் தலைமுறையின் சாதாரண மாடல்களில் சக்கரத்துக்கு நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம், நடுத்துளை 57.1. அடுத்து 1990இல் வந்த இ36இல் ஐந்து போல்ட், 120 மி.மீ. வட்டம், நடுத்துளை 72.6. ஐந்து போல்ட்டுக்கு மாற வேண்டும் என்பது இ30 வைத்திருப்பவர்களின் பழைய கனவு. பின்பக்கத்துக்கு ஒரு சுவையான குறுக்குவழி இருக்கிறது. இ36 செடானின் பின்பக்கம் முற்றிலும் வேறு, பல சிறு ஆர்ம்கள் கொண்ட மல்டிலிங்க் வடிவம், இ30இல் உட்காராது. ஆனால் 1995இல் வந்த இசட்3 ஸ்போர்ட்ஸ் காரில், அது இ36 குடும்பமே என்றாலும், பின்பக்கத்துக்கு இ30இன் செமி டிரெய்லிங் ஆர்ம் (முன்னிருந்து சாய்வாகப் பின்சக்கரத்துக்கு நீளும் ஆர்ம்) வடிவத்தையே எடுத்துப் போட்டார்கள், ஐந்து போல்ட் ஹப்போடு. எனவே இசட்3 ஆர்ம் இ30இல் போய் உட்காரும். பெயரில் அடுத்த மாடல் என்பதை வைத்துத் தேடினால் கிடைக்காது. எந்தக் கார் எந்த வடிவத்தைச் சுமந்து போனது என்று தேட வேண்டும்.

முன்பக்கம் அப்படி இல்லை. இ30இல் ஸ்ட்ரட் குழாயும் ஸ்பிண்டிலும் ஒரே துண்டு. இ36இல் நக்கிள் தனி, ஸ்ட்ரட் போல்ட்டால் சேரும். ஆக ஒரு ஹப்பைத் தேடிப் போனவர் ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், மேல் மவுண்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவார். நூலைப் பிடித்து இழுத்தால் சட்டையே அவிழும் கதை.

கஷ்டமான பக்கம் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். பழைய பீட்டிலின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில்: கியர்பாக்ஸிலிருந்து இரண்டு குழாய்கள், சக்கரத்தோடு சேர்ந்து ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆடும்போது கேம்பரும் பெரிதாக மாறும். வளைவில் பின்சக்கரம் உள்ளே மடங்கும் அபாயம் இதனால்தான். பிற்காலத்தில், அமெரிக்கச் சந்தையில் 1969 மாடலிலிருந்து, இரண்டு பக்கமும் ஜாயின்ட் உள்ள டிரைவ் ஷாஃப்டோடு செமி டிரெய்லிங் ஆர்ம் வந்தது. அதைப் பழைய பீட்டிலில் போட முடியும், பலர் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஆர்ம் சேரும் உள்புள்ளியே பழைய சேஸிஸில் இல்லை. டார்ஷன் குழாயில் (பின்பக்க முறுக்கு ஸ்பிரிங் இருக்கும் குறுக்குக் குழாய்) இரண்டு பிராக்கெட்டை வெல்டிங் செய்தாக வேண்டும். கியர்பாக்ஸும் மாற வேண்டும். பிராக்கெட் சில மில்லிமீட்டர் விலகினால் பின்சக்கரத்தின் டோ வாழ்நாள் முழுக்க ஒருபக்கம் பார்க்கும். அதனால் ஜிக் (பாகத்தைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் சட்டம்) இல்லாமல் இந்த வெல்டிங்கைத் தொடக்கூடாது. 1970இல் வந்த 1302 மாடலின் முன்பக்க மெக்பர்சன் ஸ்ட்ரட்டைப் பழைய பீட்டிலில் போடலாமா என்று கேட்டால், ஸ்ட்ரட்டின் தலை உட்காரும் கோபுரமே பழைய பாடியில் இல்லை, ஃபிரேமின் முன்பகுதியும் வேறு. அந்த வேலைக்குப் பதில் 1302 காரையே வாங்கிவிடலாம்.

மாட்டுவதற்கு முன் தரையில்

பழைய ஆர்மைக் கழற்றுவதற்கு முன், கார் சமதரையில் ஸ்டாண்டில் நிற்கும்போது, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் குண்டுநூலைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். புஷ் மையம், பால் ஜாயின்ட், டை ராடு முனைகள். கூடவே தரையிலிருந்து ஒவ்வொன்றின் உயரத்தையும் எழுதுங்கள். பாகத்தை மாற்றிவிட்டு மறுபடியும் அதே போலக் குறியுங்கள், வேறு நிறத்தில். எந்தப் புள்ளி எங்கே நகர்ந்தது என்பது படமாகவே தரையில் கிடக்கும்.

பால் ஜாயின்ட், டை ராடு எண்ட் ஆகியவற்றின் தண்டு கூம்பாக இருக்கும். கூம்பின் சரிவு மாடலுக்கு மாடல் வேறுபடும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சரிவு சேரவில்லை என்றால் நட் இறுகிய மாதிரியே தெரியும், உண்மையில் தண்டு ஒரு வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். ஓட ஓட ஆடி, தேய்ந்து, ஒருநாள் உடையும். சோதிக்க எளிய வழி: கூம்பில் மெல்லிசாக நீல மை தடவி, துளையில் வைத்து அழுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். மை முழு நீளத்துக்கும் அழிந்திருந்தால் சரி. மேலேயோ கீழேயோ மட்டும் ஒரு வளையமாக அழிந்திருந்தால் மாட்டவே வேண்டாம். சரியான சரிவுள்ள ரீமரால் (துளையைச் சீவும் கருவி) துளையைத் திருத்தலாம், அதற்குத் துளை சிறியதாக இருக்க வேண்டும். டிரில்லால் நேராகத் துளைத்து போல்ட் போட்டு முறுக்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காரில் ஏறமாட்டேன்.

போல்ட் துளை 14, உங்கள் போல்ட் 12 என்றால் நடுவே கடைந்த ஸ்லீவ் வேண்டும். போல்ட் புதிதாக வாங்கினால் தலையில் பழையதில் இருந்த எண்ணே (அது போல்ட்டின் பலத்தைச் சொல்வது) இருக்கட்டும், 10.9 என்றிருந்த இடத்தில் 8.8 போடாதீர்கள். அலுமினிய ஆர்மையும் வார்ப்பு நக்கிளையும் சூடாக்கி வளைப்பதோ வெல்டிங் செய்வதோ பேச்சுக்கே இடமில்லை. இப்படி மாற்றிய வண்டிக்குப் பல நாடுகளில் தகுதிச் சோதனையும் காப்பீட்டுக்காரருக்குத் தகவலும் தேவைப்படும், அதை வேலை தொடங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

ரப்பர் புஷ் போல்ட்டைக் காரைத் தூக்கி வைத்துக்கொண்டே இறுக்குவது தொடக்கக்காரர்கள் எல்லோரும் செய்யும் பிழை. ரப்பர் புஷ் பேரிங் மாதிரிச் சுற்றுவதில்லை. நடுக்குழாய் இறுகிவிடும், ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலையில் நிற்கும், சில மாதத்தில் கிழியும். காரின் எடையைச் சக்கரத்தில் இறக்கிய பிறகே கடைசி இறுக்கு.

எல்லாம் மாட்டியாயிற்றா? ஸ்டியரிங்கை ஒரு கோடிக்குத் திருப்பி, சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுகிறதா என்று பாருங்கள். பிறகு மறுகோடி. பிறகு அதையே சக்கரம் முழுக்க ஏறிய நிலையில். டிரைவ் ஷாஃப்ட் எங்கும் கழலவோ முட்டவோ கூடாது. அலைன்மென்ட் அதற்குப் பிறகு. ஒவ்வொரு நட்டையும் டார்க் ரெஞ்சால் இறுக்கியதும், நட்டின் மேலும் ஆர்மின் மேலும் சேர்ந்தாற்போல வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டார்ச்சோடு காருக்கடியில் படுத்துப் பாருங்கள். எந்தக் கோடு உடைந்து இரண்டாகத் தெரிகிறதோ, அந்த நட் நகர்ந்திருக்கிறது.